முதல் வரி யாருக்கு

ஜூன் 3

அண்ணி அவர்களுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். போனில் பேசலாம் என்றால் நம் இருவர் குரலும் ஏறியதுமே அண்ணன் போனை வாங்கி, "விடு, அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுகிறான். வீட்டுக்கு இருப்பது ஒரே மெயில் முகவரி, அதில் போட்டால் அம்மாவின் திரையில் வந்து விழும். கம்ப்யூட்டர் அதை உரக்க வாசித்தும் காட்டும். அதனால்தான் தபால். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராகக் கேட்கிறேன். அம்மாவின் சிஸ்டத்தைப் பின்னால் தள்ளிவிட்டீர்களா?

போன லீவில் வந்து, நீங்கள் வீடுகளுக்குப் பிளான் வரையும் கம்ப்யூட்டரிலேயே அம்மா பேசுவதற்காக இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் ஏற்றிக் கொடுத்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கரண்ட் வந்தாலே கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகி, கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். முதல் வரி அம்மாவுடையது, இரண்டாவது உங்களுடையது. பத்து வினாடிக்குள் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் அது தானாக முதல் வரிக்குள் போய்விடும். அப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்குப் பத்து விரல் இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சும் போய், அம்மாவுக்கு மிஞ்சியது இடது கட்டைவிரல் ஒன்றுதான். அதற்கு நான் கொடுத்தது ஒரே ஒரு பொத்தான். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, "கிளட்ச்! கிளட்ச்!" என்று நாலு தெருவுக்குக் கேட்கும்படி கத்திய டிரைவிங் ஸ்கூல்காரி, இன்று அந்தப் பொத்தானை நம்பி உட்கார்ந்திருக்கிறாள்.

முன்பெல்லாம் அங்கே கரண்ட் போய் வந்ததும் அம்மாவிடமிருந்து "வந்துட்டேன்" என்று ஒரு மெசேஜ் வரும். கொஞ்ச நாளாக அது இல்லை. காலையில் நீங்கள் எழுந்து வந்த பிறகுதான் அம்மா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறது. அப்படி வருகிற மெசேஜும் எப்படி இருக்கிறது தெரியுமா? "நல்லா இருக்கேன். உங்க அண்ணி ஜோக் சொன்னா. சிரிச்சேன்." என்ன ஜோக் என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டியது போலிருக்கிறது. இருக்கட்டும்.

வரிசையை யார் மாற்றியது என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூன் 17

அன்புள்ள வாலுவுக்கு,

அத்தை உன்னைக் கூப்பிடும் பெயரிலேயே எழுதுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக உனக்கு வேறு பெயர் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

நான் எதையும் தள்ளவில்லை. போன மாதம் என் சிஸ்டம் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது. மறுபடி ஆன் ஆனபோது உன்னுடைய இரண்டு வரியும் வரவே இல்லை. நேராக என்னுடையதற்குள் போய் நின்றது. கம்ப்யூட்டர் கடைக்காரரை வீட்டுக்கு வரச்சொன்னேன். "ஒண்ணும் அழியலைம்மா. அப்டேட் வந்தா சில சமயம் வரிசையில தன்னை முதல்ல போட்டுக்கும். பெரியம்மாவோடது பின்னாடி நிக்குது" என்றார். ஆன் செய்யும்போது F12 அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும், அதில் தேர்ந்தெடுக்கலாம் என்று காட்டிக் கொடுத்தார். "வரிசையைப் பழையபடி வெச்சுட்டுப் போகட்டுமா?" என்றும் கேட்டார்.

வேண்டாம் என்று சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன், உட்கார்ந்து படி. அத்தைக்குப் பேச்சு நின்ற பிறகு ஒரு வருடம், கண்ணைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்தவள் நான். தண்ணீரா, தலையணையா, ஜன்னலைச் சாத்தணுமா, எல்லாம் கண்ணிலேயே. பிறகு நீ வந்தாய். பொத்தானைக் கொடுத்தாய். எழுத்துகள் மேல் வெளிச்சம் நகர நகர, அத்தை ஒவ்வொன்றாக அழுத்தி முதல் முதலாகச் சொன்னது என்ன? "வாலு சாப்ட்டாளா?" உனக்குச் சாப்பாடு போட்டவள் கையில் கரண்டியோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சரி, பெற்ற பெண். விட்டுவிடலாம். அந்தக் குரல்? உலகத்தில் வேறு குரலே கிடைக்கவில்லையா உனக்கு? உன் குரலைப் பதிவு செய்து அதில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாய். விடிந்ததிலிருந்து என் மாமியார் என் நாத்தனார் குரலில் எனக்கு வேலை சொல்கிறார். எந்த மருமகளுக்காவது இப்படி இரட்டைப் பாக்கியம் கிடைத்திருக்கிறதா?

இப்போது காலையில் நான் வந்து F12 அழுத்தினால்தான் அத்தைக்கு வாய் திறக்கிறது. அழுத்தியதும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். பாதி உதடுதான் ஏறும். அந்தச் சிரிப்பு எனக்கு. உன் ஏற்பாட்டில் கம்ப்யூட்டர் தானாகவே திறந்துகொண்டது. அப்போது யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

அது என் கம்ப்யூட்டர் என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். அதில் உன் ஏற்பாட்டை முதல் வரியில் போடலாமா என்று நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணி


ஜூன் 30

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆபீஸுக்கு எடுத்துப் போய்ப் படித்தது தப்பு. படித்துவிட்டுப் பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பாதி உதட்டுச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. வீடியோவில் என் முகம் தெரிந்ததுமே அம்மாவுக்கு அழுகைதான் வருகிறது. நான் பணம் போட்டு, லீவு போட்டு, கண் எரிய உட்கார்ந்து செய்து கொடுத்த பேச்சில் எனக்குக் கிடைப்பது அழுகை. ஒரு விசையை அழுத்துகிற உங்களுக்குச் சிரிப்பு. வயிறு எரிகிறது அண்ணி. மறைத்து என்ன ஆகப்போகிறது?

குரலைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா பேசியது எங்கேயும் பதிவாகவில்லை. நான் தேடாத இடம் இல்லை. சின்ன வயதில் வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள் என் குரலைக் கேட்டு, "மேடம், நாளைக்கு கிளாஸ் உண்டா?" என்பார்கள். அம்மாவின் குரலுக்குப் பக்கத்தில் வருகிற குரல் என்னுடையதுதான். உங்களைச் சீண்டுவதற்காக வைக்கவில்லை. உங்களை நினைக்கவே இல்லை. அதுதான் உங்கள் குறை என்றால், சரி.

இதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டேன். புதுக் கம்ப்யூட்டர் ஒன்று ஆர்டர் செய்தாயிற்று, வீட்டுக்கே வரும். அதில் ஒரே சிஸ்டம், அம்மாவுடையது. படுக்கையறையில் வையுங்கள். அம்மா உங்கள் வேலை அறையில் வந்து உட்கார வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரும் உங்கள் F12-ம் உங்களுக்கே இருக்கட்டும்.

அது வருகிற வரைக்கும் தயவு செய்து வரிசையை மாற்றிவையுங்கள். ஆன் செய்ததும் F2. "பூட்" என்று ஒரு பக்கம் இருக்கும். இரண்டாவதாக நிற்பதை மேலே ஏற்றி, F10 அழுத்திச் சேமியுங்கள். ஒரு நிமிட வேலை. நீங்கள் வெளியே போயிருக்கும்போது கரண்ட் போய் வந்தால் அம்மா என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

வாலு


ஜூலை 21

வாலு,

அத்தைக்கு இப்போது பரவாயில்லை. இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படி.

நீ அனுப்பிய பெட்டி வந்துவிட்டது. பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அத்தையைப் படுக்கையறையில் தனியாக உட்காரவைத்து, உன் கம்ப்யூட்டரில் உன் குரலில் உன்னோடு பேசவிடுவதா என்று ஆத்திரம். வரிசையையும் மாற்றவில்லை. நீ சொல்லி நான் செய்வதா என்று அதற்கு ஒரு ஆத்திரம்.

வியாழக்கிழமை காண்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. பகலில் அத்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் கூட இருந்தாள். நான் போன பிறகு கரண்ட் போய் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் என் சிஸ்டத்துக்குள் போய், என் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தப் பெண் நல்லதென்று நினைத்து, அத்தையின் வலது பாதம் ஜில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பையை அதன் மேல் வைத்திருக்கிறாள். மூடி சரியாக இறுகவில்லை. கொதிநீர் கசிந்து காலுறைக்குள் இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கம்தான் உணர்ச்சி கிடையாதே. அத்தைக்கு வலிக்கவில்லை, ஆவி வருவது கண்ணுக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்லப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் திரை என்ன சொல்லியிருக்கும்? பாஸ்வேர்டு தவறு. மறுபடி அழுத்தினால், பாஸ்வேர்டு தவறு.

"டிவி ரிமோட் மாதிரி தட்டிக்கிட்டே இருந்தாங்கக்கா. விளையாடுறாங்கன்னு நெனச்சேன்" என்று அந்தப் பெண் அழுதாள்.

நான் வந்தபோது திரையில், பல முறை தவறாகிவிட்டது, பிறகு முயலவும் என்று இருந்தது. அத்தையின் கட்டைவிரல் அப்போதும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. என்னைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பவள் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன அத்தை, பசியா?" என்று கேட்டேன். காலுறையைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது.

பாதம் முழுக்கக் கொப்புளம். டாக்டர், ஆறிவிடும், ஆனால் நாளாகும், சர்க்கரை இருப்பதால் தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்றார். மாற்றுகிறேன்.

உன் அண்ணனிடம் "கரண்ட் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். அவர் மின்சாரக்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயங்காலமே F2 அழுத்தி, நீ எழுதியபடி மாற்றிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணி,

வயிற்றெரிச்சலில் ஒரு காலைப் பொசுக்கிவிட்டீர்கள். இதற்கு மேல் நாகரிகமாக எழுத எனக்கு வரவில்லை.

அம்மாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன். விசா, ஆஸ்பத்திரி, சக்கர நாற்காலி ஏறும் வீடு, எல்லாம் விசாரித்தாயிற்று. அண்ணனிடம் சொன்னேன். "அம்மா இஷ்டம்" என்கிறான். அவன் எப்போது வேறு எதையாவது சொல்லியிருக்கிறான்?

அம்மாவின் இஷ்டத்தை யார் கேட்பது என்பதுதான் பாக்கி. நான் கேட்டால் எனக்காக வருகிறேன் என்பாள். நீங்கள் கேட்டால் உங்களுக்காக வரவில்லை என்பாள். அவளுக்கு இரண்டு பக்கமும் தாட்சண்யம். இருந்தாலும் நீங்களே கேளுங்கள். கேட்கும்போது நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கரண்ட் போய்விட்டது என்ற கதை வேண்டாம்.

என் மேல் தப்பே இல்லையா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் என் தப்பில் யார் காலும் வேகவில்லை.

வாலு


ஆகஸ்ட் 19

வாலு,

நீ எழுதியது முழுக்கவும் எனக்கு வேண்டியதுதான்.

முதலில் பெட்டியைப் பிரித்தேன். உன் அண்ணன் படுக்கையறையில் மேஜை போட்டு எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். அத்தை அங்கே இரண்டு நாள் பேசினார், உன்னோடும் பேசினார். மூன்றாம் நாள் காலையில் பொத்தானை அழுத்தி, "இங்க சுவருதான் இருக்கு. அந்த ரூமுக்கே போறேன்" என்றார். எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத வேண்டுமா? காலில் கட்டோடு இருப்பவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, பாட்டுப் பாடாத குறைதான். வெட்கம் கெட்டவள் என்று திட்டிக்கொள். புதுக் கம்ப்யூட்டரில் இப்போது உன் அண்ணன் சீட்டு ஆடுகிறார்.

அந்தச் சந்தோஷத்தோடு சொல்லக் கூடாது என்று ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் கட்டு மாற்றும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அப்டேட், கடைக்காரர், F12, பிரிக்காத பெட்டி, நீ சொல்லியும் வரிசையை மாற்றாதது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். முடித்ததும் எழுத்துகள் மேல் வெளிச்சம் நகர ஆரம்பித்தது. அது ஒவ்வொரு எழுத்தாக வருகிற வரைக்கும் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"தெரியும்."

"என்ன தெரியும் அத்தை?"

"கடைக்காரன் கேட்டப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். காது கேக்குதே."

அத்தனை நாளும் தெரிந்துகொண்டுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாரா? "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. சொல்லாமலும் போட்டீங்க."

பிறகு, வாலு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம், போகிறீர்களா என்று கேட்டேன். நீ சொன்னபடிதான் கேட்டேன், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "அவளை இங்க வரச்சொல்லு. போய் வர எனக்கு ஒரு கால் போதாது" என்றார். அதில் யாருக்கு வெற்றி என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

கடைசியாக நீளமாக ஒன்று அடித்தார். ஒரு கட்டு மாற்றி முடிக்கிற நேரம் ஆயிற்று. அப்படியே தருகிறேன்: "அவ கேக்காம என்னை முதல்ல போட்டா. நீ கேக்காம பின்னாடி போட்ட. என்னை யாரும் எங்கயும் போட வேணாம். அது நிக்கட்டும். நான் அழுத்தினா திறக்கட்டும்."

உன் குரலில் என்னையும் உன்னையும் சேர்த்துத் திட்டினார். நீயே உன்னைத் திட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். அத்தையும் சிரித்தார்.

அப்படிச் செய்ய முடியுமா? யாரும் அழுத்தாவிட்டால் எதற்குள்ளும் போகாமல், அப்படியே நிற்க முடியுமா?

அண்ணி


செப்டம்பர் 1

அண்ணிக்கு,

முடியும். நானே முதலில் அப்படி வைத்திருக்கலாம். பத்து வினாடி என்று நான்தான் முடிவு செய்தேன். அம்மாவைக் கேட்கவில்லை. அப்போது அவளிடம் கேட்பதற்கு வழி வந்திருந்தது. முதல் வார்த்தை என் பெயராக இருந்த சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மாவின் சிஸ்டத்தில் உட்காருங்கள். வரிசைக்கான ஃபைலைத் திறந்தால் காத்திருக்கும் நேரம் 10 என்று இருக்கும். அதை அழித்துவிட்டு -1 என்று போடுங்கள். சேமித்துவிட்டு, தனித் தாளில் எழுதியிருக்கும் கட்டளையை ஒரு எழுத்து விடாமல் அடியுங்கள். அவ்வளவுதான். இனி கரண்ட் எத்தனை தரம் போய் வந்தாலும் அந்த இரண்டு வரியோடு நின்றுகொண்டே இருக்கும். அம்மாவின் பொத்தானும் என்டர்தான். ஒரு தட்டுத் தட்டினால் அவளுடையது திறக்கும். நீங்கள் ஒரு வரி கீழே இறங்கி உங்களுடையதைத் திறந்துகொள்ளுங்கள்.

புண் எப்படி இருக்கிறது? போட்டோ அனுப்பச் சொன்னால் அண்ணன் பூனைப் படம் அனுப்புகிறான்.

வாலு


செப்டம்பர் 23

அன்புள்ள வாலு,

புண் ஆறி, புதுத்தோல் வந்துவிட்டது. குழந்தைத் தோல் மாதிரி இருக்கிறது. தடவிக் கொடுக்கிறேன், அவருக்குத் தெரியாது என்றாலும்.

நீ சொன்னபடி மாற்றியாயிற்று. கட்டளையை இரண்டு தரம் தப்பாக அடித்து, மூன்றாவது தரம் நடந்தது. அத்தை பொத்தானைத் தட்டித் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு சைட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். அங்கே இருக்கும்போதே வீட்டுப் பக்கம் கரண்ட் போய் வந்தது என்று கேள்விப்பட்டேன். பயமில்லை. இப்போதுதான் தானே திறந்துகொள்வாரே. ஆனால் வரும் வழியெல்லாம் பொருமல்தான். நான் இல்லாத நேரமாகப் பார்த்து இந்நேரம் மகளோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், என்னைப் பற்றி என்ன சொல்கிறாரோ, புதுத்தோலைப் பற்றிச் சொல்லிவிட்டாரோ, அதை நான்தானே உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று.

உள்ளே வந்தால் கறுப்புத் திரை, இரண்டு வரி. அத்தை திறக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பாதத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான்க்கா இருக்காங்க. மதியத்துலேர்ந்து ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு, மெதுவாக ஒரு தட்டுத் தட்டித் திறந்தார்.

"பொத்தான் வேலை செய்யலையா அத்தை?"

"செய்யுது."

"அப்புறம் ஏன் திறக்கலை?"

"பேச ஒண்ணும் இல்ல."

யாரோடும் இல்லையாம். அரை நாள் அந்தப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஆனந்தமாகச் சும்மா இருந்திருக்கிறார். நாம் இரண்டு பேரும் எதற்காக அடித்துக்கொண்டோம் என்று அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. வேறு யாரிடம் சொல்வது?

அண்ணி


அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அன்று மதியம் பேசவில்லை என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. உங்களோடும் பேசவில்லை என்ற நிம்மதி. அதன் பிறகுதான், என்னோடும் பேசவில்லை என்பது உறைத்தது.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யாரை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். இல்லை, கேட்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது. என் பெயரைச் சொன்னால் நீங்கள் எழுத மாட்டீர்கள்.

டிசம்பரில் ஒரு மாதம் வருகிறேன். கம்ப்யூட்டரில் கை வைக்க மாட்டேன். அம்மா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். இடது பக்கம் நீங்கள் உட்காரும் இடம் என்று தெரியும், கேட்க மாட்டேன். வலது பக்கம் போடுங்கள். அந்தப் பக்கம் நான் கையைப் பிடித்துக்கொண்டாலும் அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் பார்த்து அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு